வீட்டின் கடைசிக் கடன்

கடன் இல்லாத குடும்பம் அரிது. மகளின் திருமணம், மகனின் மேற்படிப்பு, தலைக்குமேல் ஒரு கூரை, எதிர்பாராது வந்த நோய் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று பெரும்பாலான வீடுகளை ஒருநாள் கடன் வாங்கச் செய்துவிடுகிறது. வாங்கிய கடன்களை ஒவ்வொன்றாகத் தீர்த்து, இறுதியில் ஒன்றே ஒன்று எஞ்சி நிற்கும் நிலையைப் பல குடும்பங்கள் அடைகின்றன. அது வீடு கட்ட வாங்கிய கடனாக இருக்கலாம்; நகையை ஈடு வைத்துப் பெற்றதாகவும் இருக்கலாம். வழக்கமான சம்பளத்துக்குமேல் சிறிது பொருள் ஈட்டி, அந்தக் கடைசிக் கடனை விரைவில் அடைப்பது எங்ஙனம் என்பதை இப்பொழுது ஆராய்வோம். இது பெரியவர்களின் கவலை, மாணவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டா. நாளை நீங்கள் கையெழுத்திடப்போகும் பத்திரங்களின் கணக்கு இது. இன்று உங்கள் வீட்டிலேயே நடந்துகொண்டிருக்கும் கணக்காகவும் இருக்கக்கூடும்.

முதலில் தவணை என்பதன் இயல்பை அறிவோம். மாதந்தோறும் நாம் செலுத்தும் தவணையில் இரண்டு பங்குகள் உண்டு. ஒன்று அந்த மாதத்து வட்டி. மற்றொன்று அசலில் கழியும் தொகை. வட்டி முதலில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சமே அசலைக் குறைக்கும். ஒரு குடும்பத்துக்கு 2,00,000 ரூபாய் வீட்டுக் கடன் எஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம். தீர்க்க வேண்டிய காலம் 5 ஆண்டு. மாதத் தவணை ஏறத்தாழ 4,152 ரூபாய் ஆகும். முதல் மாதம் வட்டிக்கே 1,500 ரூபாய் போய்விடுகிறது. அசலில் குறைவது 2,652 ரூபாயே. ஐந்தாண்டு முடிவில் வட்டியாக மட்டும் ஏறத்தாழ 49,100 ரூபாய் செலுத்தியிருப்பார்கள்.

இதே குடும்பம் மாதம் 2,000 ரூபாய் கூடுதலாக ஈட்டி, அதனையும் கடனுக்கே செலுத்துகிறது என்க. தவணையோடு சேர்த்து 6,152 ரூபாய் ஆகிறது. செலுத்தும் தொகை பாதியளவுகூட உயரவில்லை. ஆனால் முதல் மாதத்தில் அசலில் கழியும் தொகை 2,652-லிருந்து 4,652 ஆகிவிடுகிறது. அதாவது முக்கால் பங்கு உயர்ந்துவிட்டது. காரணம் எளிது. வட்டிக்கு உரியதைத் தவணை முன்னரே கொடுத்துவிட்டபடியால், கூடுதல் ரூபாய் முழுவதும் அசலையே சென்று தாக்குகிறது. அசல் குறையவே அடுத்த மாதத்து வட்டி குறைகிறது. வட்டி குறையவே அசல் இன்னும் விரைந்து கரைகிறது. இவ்வாறு 60 மாதக் கடன் 38 மாதத்தில் தீர்ந்துவிடும். வட்டி ஏறத்தாழ 30,100 ரூபாயோடு நின்றுவிடும். 22 மாதங்களும் 19,000 ரூபாயும் மிச்சம்.

வங்கிக்குச் செல்லாமல் தனியாரிடம் வாங்கிய கடனில் இந்த உண்மை இன்னும் கூர்மையாகத் தோன்றும். ஊர்ப்புறத்தில் ‘மூன்று வட்டி’ என்பார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் என்பது அதன் பொருள். ஆண்டுக்கு 36 சதவீதம். 10,000 ரூபாய் வாங்கியவர் மாதம் 300 ரூபாய் வட்டி மட்டும் கட்டிவந்தால், 34 மாதத்தில் 10,200 ரூபாய் கொடுத்திருப்பார். அசல் 10,000 அப்படியே நிற்கும். அவர் மாதம் 500 ரூபாய் செலுத்தி, மிகுதியை அசலில் வரவு வைத்துக்கொள்ளச் செய்தால் 31 மாதத்தில் கடனே முடிந்துவிடும். 200 ரூபாய் கூடுதலால், முடிவில்லாத கடனுக்கு முடிவு பிறக்கிறது. சில்லறையாக அசலை வாங்க மறுப்போரும் உண்டு. அங்ஙனமாயின் அந்தத் தொகையை அஞ்சலகத் தொடர் வைப்பில் சேர்த்து, மொத்தமாகக் கொண்டுபோய்த் தீர்ப்பதே வழி. நாள் வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்றவற்றைத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்திருக்கிறது என்பதையும் நினைவில் வைக்க.

இனி, கூடுதல் வருவாய்க்கு வருவோம். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது, தையல், பூக்கட்டுதல், கறவை மாடு, கணக்கு எழுதுதல் எனத் துணைத்தொழில்கள் பல. இவற்றுள் எதனைக் கைக்கொண்டாலும் கையில் வந்த தொகை வேறு, மிஞ்சிய தொகை வேறு என்று உணர வேண்டும். ரவிக்கை தைத்து மாதம் 3,000 ரூபாய் பெறும் ஓர் அம்மையார், நூல், கொக்கி, உள்துணி, மின்சாரம், பொறியின் பழுது ஆகியவற்றுக்கு 1,000 ரூபாய் செலவிடுவாராயின், அவரது வருவாய் 2,000 ரூபாயே. மாடு வாங்கப் புதுக்கடன் எடுத்துப் பால் விற்றுப் பழங்கடனை அடைக்கப் புகுவோர், தீவனத்தையும் மாடு பால் வற்றி நிற்கும் மாதங்களையும் கணக்கில் சேர்க்கத் தவறினால், இரண்டு கடன்களோடு நிற்பர்.

மிஞ்சிய தொகை கடனுக்குப் போய்ச் சேர்வதும் எளிதன்று. அது வந்த நாளே செலுத்தப்படாவிட்டால், வாரக் கடைசியில் அதனைக் காணமுடியாது. வீட்டில் யாரும் வீண்செலவு செய்திருக்கமாட்டார்கள். ஒரு விருந்தினர், ஒரு திருவிழா, ஒரு புதிய செருப்பு என்று அது கரைந்திருக்கும். ஆகவே துணை வருவாய்க்குத் தனிக் கணக்கு வைப்பதும், கிடைத்தவுடன் அசலில் கட்டுவதும் நலம். கட்டும்பொழுது, ‘இஃது அசலில் கழிய வேண்டிய தொகை’ என்று எழுத்தில் தெரிவித்து, எஞ்சிய நிலுவையைக் கேட்டு வாங்க வேண்டும். மாறும் வட்டியில் தனிமனிதர் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டித் தீர்ப்பதற்கு வங்கிகள் கட்டணம் விதிக்கலாகாது என்று 2012-ஆம் ஆண்டில் இந்திய ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. நிலையான வட்டியாயின் பத்திரத்தின் விதிகளை முன்னரே படித்தறிக.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடனை அடைக்கும் ஆர்வத்தில் கைப்பணம் முழுவதையும் கட்டிவிடுதல் தகாது. அவசரத்துக்கென்று 10,000 ரூபாயைத் தனியே வைத்திருந்தால், 9 சதவீதக் கடனில் அதனால் ஆண்டுக்கு ஏற்படும் இழப்பு 900 ரூபாய்க்கு மேல் போகாது. அப்பணம் இல்லாதபோது ஒரு காய்ச்சல் வந்து, மூன்று வட்டிக்கு அதே தொகையை ஓராண்டு வாங்க நேர்ந்தால், வட்டி 3,600 ரூபாய். சிறிய கடனை அடைக்கப் போய்க் கொடிய கடனில் விழுவது அறிவுடைமை ஆகாது.

கணக்கேட்டில் ஏறாத செலவு ஒன்றும் உண்டு. அது மனிதரின் காலமும் உடலும். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயினின் வாழ்க்கை இதற்குச் சான்று. அவர் பங்கு கொண்டிருந்த பதிப்பகம் 1894-ஆம் ஆண்டில் நொடித்தது. கடன்காரர்கள் அனைவருக்கும் முழுத்தொகையும் தருவது என்று அவரும் அவர் மனைவி ஒலிவியாவும் உறுதி பூண்டனர். 1895-ஆம் ஆண்டில், 59-ஆம் வயதில், நலிந்த உடலோடு, அப்பொழுது தாம் விரும்பாத மேடைப்பேச்சைக் கைக்கொண்டு உலகப் பயணம் புறப்பட்டார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை, இந்தியா, தென்னாப்பிரிக்கா எனச் சுற்றிப் பேசிப் பொருள் ஈட்டினார். பின்னர் அப்பயணத்தைப் பற்றி நூலும் எழுதினார். 1898-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கடன் முற்றும் தீர்ந்தது. ஆயினும் அவர் இங்கிலாந்தில் இருந்தபொழுது, 1896 ஆகஸ்டில், அமெரிக்காவில் தங்கியிருந்த அவருடைய மூத்த மகள் சூசி நோயுற்று இறந்தாள். தந்தையால் அவள் பக்கத்தில் இருக்க இயலவில்லை. அந்தச் சாவுக்குப் பயணம் காரணமன்று. எனினும் கூடுதல் பொருள் ஈட்டும் நேரம், வேறு எவரோ ஒருவருக்கு உரிய நேரத்திலிருந்தே எடுக்கப்படுகிறது என்பதை இதனினும் தெளிவாகக் கூற இயலாது.

நம் வீடுகளிலும் அவ்வாறே. பதினொரு மணிக்குமேல் தையற்பொறி ஓடும் ஓசை கேட்டால், அங்கே ஒருவருடைய உறக்கம் தவணையாகச் செலுத்தப்படுகிறது என்று பொருள். அந்த ஒருவர் பெரும்பாலும் தாயாகவே இருக்கிறார். கண்ணையும் முதுகையும் கெடுத்து ஈட்டும் பணம் மருத்துவருக்கே போய்ச் சேரும். மாணவன் ஒருவன் விடுமுறையில் வேலை செய்து வீட்டுக்கு உதவுதல் போற்றத்தக்கது. கடன் விரைவில் தீர வேண்டும் என்பதற்காகக் கல்லூரியை விட்டு நிற்பது அவ்வாறன்று. 22 மாதங்களை மிச்சப்படுத்தப் போய், நாற்பது ஆண்டுகளின் வருவாயைக் குறைத்துக்கொள்வது கணக்குக்கும் பொருந்தாது. மாணவர் செய்யக்கூடிய உதவி வேறு உண்டு. தாய் தையற்பொறியில் அமரும் நேரத்தில் அடுப்படி வேலையை ஏற்றுக்கொள்ளலாம். நிலுவை எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பெற்றோருடன் அமர்ந்து ஒரு தாளில் எழுதிக் காட்டலாம். பல வீடுகளில் கடன் ஒருவர் நெஞ்சில் மட்டும் இருக்கிறது. தாளில் ஏறிவிட்டால் அதன் அச்சம் பாதி குறைந்துவிடும்.

கடைசித் தவணை செலுத்தியதும் வேலை முடிந்ததாக எண்ணற்க. கடன் முற்றும் தீர்ந்தது என்ற சான்றிதழை எழுத்தில் பெற வேண்டும். வீட்டின் மூலப்பத்திரங்களைக் கடன் தீர்ந்த 30 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும் என்றும், வங்கியின் குற்றத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தரவேண்டும் என்றும் இந்திய ரிசர்வ் வங்கி 2023-ஆம் ஆண்டில் விதித்துள்ளது. ஈடு வைத்தது பதிவு அலுவலகத்தில் பதிவாகியிருப்பின், தீர்ந்தமைக்கான ரசீதையும் பதிவு செய்க. இல்லையேல் வில்லங்கச் சான்றில் பழைய கடன் தொடர்ந்து தோன்றிக்கொண்டிருக்கும். தனியாரிடம் கொடுத்த புரோநோட்டாயின், பணம் செல்லாகிவிட்டதென அதன் பின்புறம் எழுதிக் கையொப்பம் பெற்று, அதனைக் கையோடு வாங்கி வருக.

பிறகு அடுத்த மாதம் பிறக்கும். மாதந்தோறும் 6,152 ரூபாய் இல்லாமல் வாழப் பழகிய குடும்பம் அது. மிச்சமான 22 மாதங்களுக்கும் அதே தொகையைச் சேமிப்பில் போட்டுவந்தால், வட்டியில்லாமலே 1,35,344 ரூபாய் சேர்ந்துவிடும். தாயின் இரவு வேலையை அன்றே நிறுத்திவிட்டு, தவணையளவான 4,152 ரூபாயை மட்டும் சேர்த்தாலும் 91,344 ரூபாய் ஆகும். இரண்டினுள் எதனைத் தேர்வது என்பதை அந்த வீட்டார் முடிவு செய்யட்டும். எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது.