ஆராய்ச்சிக்கென்று ஒரு கண்ணாடிப் பாதை

ஓர் ஆய்வகத்தில் 10 டெராபைட் டேட்டா சேர்ந்திருக்கிறது. மரபணு வரிசைகளாக இருக்கலாம், தொலைநோக்கி எடுத்த படங்களாக இருக்கலாம். அதை வேறொரு ஊரிலுள்ள கணினிக்கு அனுப்ப வேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு என்றால், வேறு யாரும் அதைத் தொடாமல் விட்டால்கூட ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். 10 ஜிகாபிட் இணைப்பில் இரண்டேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதல் வகை இணைப்பு மட்டும் உள்ள இடங்களில் ஹார்ட் டிஸ்கைப் பெட்டியில் வைத்துக் கூரியரில் அனுப்புகிறார்கள். அப்படி ஓர் ஆய்வே வேண்டாம் என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அதைத்தான் நான் பெரிய இழப்பாக நினைக்கிறேன், ஏனென்றால் அது எந்தக் கணக்கிலும் வராது.

பெரிய இணைப்பை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாக வாங்கினால் கட்டுப்படியாகாது. அதனால்தான் பல நாடுகளில் கல்வி நிறுவனங்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு வலையமைப்பை வைத்துக்கொண்டன. இந்தியாவில் இது பொதுமக்களுக்கு இணையம் வருவதற்கு முன்பே தொடங்கிய கதை. மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1986-ல் எர்நெட் என்ற வலையமைப்பைத் தொடங்கியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும், சென்னை உட்பட ஐந்து ஐ.ஐ.டி.களும் அதன் முதல் உறுப்பினர்களில் அடங்கும். மற்றவர்கள் காசு கொடுத்து இணையம் பெற 1995 ஆகஸ்ட் 15 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு 2010 மார்ச்சில் தேசிய அறிவு வலையமைப்புக்கு மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தது. பத்து ஆண்டுகளில் 5,990 கோடி ரூபாய் செலவில் சுமார் 1,500 நிறுவனங்களை இணைப்பது திட்டம். நடுவே ஓடும் முதுகெலும்புப் பாதைகள் 10 ஜிகாபிட் மடங்குகளில், ஒரு நிறுவனத்துக்கு வந்து சேரும் இணைப்பு பெரும்பாலும் 1 ஜிகாபிட் என்று வகுத்தார்கள்.

இவ்வளவு கேபிளுக்கு எங்கே போவது? கண்ணாடி இழையின் விலை பெரிதில்லை. பள்ளம் தோண்டுவதும், சாலையை வெட்ட அனுமதி வாங்குவதும், வெட்டிய சாலையை மூடுவதும்தான் பணத்தைத் தின்னும். அதனால் ஏற்கெனவே நீண்ட பாதை வைத்திருப்பவர்களிடம் வாடகைக்கு எடுப்பதுதான் புத்திசாலித்தனம். இந்தியாவில் பி.எஸ்.என்.எல்.லுக்குத் தொலைபேசிப் பாதைகள் இருந்தன, ரயில்டெல்லுக்குத் தண்டவாள ஓரம் இருந்தது, பவர்கிரிட்டுக்கு மின்கோபுரங்கள் இருந்தன. அடுத்த முறை நெடுஞ்சாலையில் போகும்போது உயர் அழுத்த மின்கோபுரத்தின் உச்சியைப் பாருங்கள். மற்ற கம்பிகளைவிட மெலிதாக, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கம்பி ஓடும். இடி விழுந்தால் தாங்கிக்கொள்வதற்கான எர்த் கம்பி அது. பல தடங்களில் அதன் வயிற்றுக்குள் முடியளவு கண்ணாடி இழைகள் வைத்திருக்கிறார்கள். ஒரு பிஎச்.டி. மாணவரின் டேட்டா அந்த உயரத்தில் ஊர் கடந்து போய்க்கொண்டிருக்கலாம்.

இழை ஒரு முறை கிடைத்துவிட்டால் அதன் கொள்ளளவைப் பெருக்குவது ஒப்பீட்டளவில் சுலபம். ஒரே இழைக்குள் வெவ்வேறு அலைநீள ஒளியைச் செலுத்தினால் ஒவ்வொன்றும் தனித் தடம்போல் வேலை செய்யும். ஒரு ஜோடி இழையில் 80 தடங்கள் ஓட்டுவது இன்று சாதாரணம். இரு முனைகளிலும் உள்ள கருவியை மாற்றினாலே வேகம் கூடும், மண்ணைத் தொட வேண்டியதில்லை.

ஆனால் வேகமான கேபிள் வந்துவிட்டால் டேட்டா வேகமாகப் போய்விடும் என்று நினைக்கக் கூடாது. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மும்பையில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வகத்தின் துகள் மோதுவானில் நடக்கும் சி.எம்.எஸ். பரிசோதனைக்கு ஒரு கணினி மையம் நடத்துகிறது. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். இத்தகைய தொலைவுக்குக் கடலடிக் கேபிள் வழியே போய்த் திரும்ப 0.15 நொடி என்று வைத்துக்கொள்வோம். 10 ஜிகாபிட் பாதையை நிரப்ப வேண்டுமானால், ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில் வரும் முன்பே ஏறக்குறைய 19 கோடி பைட் வழியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு பாக்கெட், அதாவது டேட்டாவின் ஒரு சிறு துண்டு, தொலைந்தாலும், அனுப்பும் கணினி எங்கோ நெரிசல் என்று எண்ணி வேகத்தைச் சட்டென்று குறைத்துவிடும். பழைய வேகத்துக்கு ஏறுவதோ படிப்படியாகத்தான். தொலைவு கூடக் கூட அந்த ஏற்றமும் தாமதமாகும்.

அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வு வலையமைப்பான ஈஎஸ்நெட்டின் பொறியாளர்கள் ஒரு நிகழ்வை எழுதியிருக்கிறார்கள். ஒரு ரவுட்டரின் அட்டை பழுதாகி 22,000 பாக்கெட்டுக்கு ஒன்றை நழுவவிட்டது. பக்கத்து ஊருக்கு அனுப்பியவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தொலைதூரத்துக்கு அனுப்பியவர்களுக்கு வேகம் படுத்துவிட்டது. ரவுட்டரே தன் பழுதைச் சொல்லவில்லை. பாதையில் இடைவிடாமல் சோதனைப் பாக்கெட்டுகளை அனுப்பி எண்ணிப் பார்க்கும் கருவிதான் அதைப் பிடித்தது. அந்த வகைக் கருவிகளை இன்று பெர்ஃப்சோனார் என்ற பெயரில் உலகெங்கும் ஆய்வு வலையமைப்புகள் இலவசமாகப் பயன்படுத்துகின்றன.

இதனால் இரண்டு விஷயங்கள் விளங்கும். முதலாவது, ஆய்வு வலையமைப்பில் எப்போதும் காலி இடம் இருக்க வேண்டும். பாதை பாதி காலியாகத்தானே கிடக்கிறது, எதற்குச் செலவு என்று தணிக்கையில் கேட்பார்கள். நிரம்பி வழியும் பாதையில் பாக்கெட் தொலையும், தொலைந்தால் மேலே சொன்னது நடக்கும் என்பதுதான் அதற்குப் பதில். இரண்டாவது, வளாகத்துக்குள் இருக்கும் கடைசி அரைக் கிலோமீட்டர். 10 ஜிகாபிட் பாதை வாசல்வரை வரும். அங்கே விடுதி, அலுவலகம், ஆய்வகம் என எல்லாருக்கும் சேர்த்து ஒரு ஃபயர்வால் நிற்கும். பைக்கும் கன்டெய்னர் லாரியும் ஒரே டோல்கேட்டில் வரிசையில் நிற்பதுபோல. ஈஎஸ்நெட் காட்டிய வழி எளிது: பெரிய டேட்டா அனுப்பும் கணினிகளை வளாகத்தின் விளிம்பிலேயே வைத்து, அவற்றுக்கு மட்டும் தனிப் பாதையும் குறிப்பான பாதுகாப்பு விதிகளும் கொடுப்பது. கேபிளுக்குக் கோடிகளை ஒதுக்கும் நிர்வாகங்கள் இந்தச் சிறு செலவையும், அதைக் கவனிக்கும் ஒரு பொறியாளருக்கான சம்பளத்தையும் முதலிலேயே ஒதுக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பொதுவான வலையமைப்பின் அருமை நெருக்கடியில் தெரியும். இலங்கையில் பல்கலைக்கழகங்களை இணைப்பது லேர்ன் என்ற வலையமைப்பு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் அதில் உண்டு. 2020-ல் கொரோனாவால் வகுப்புகள் மூடப்பட்டபோது பாடங்கள் லேர்ன் வழியாக இணையத்துக்கு மாறின. அந்தப் பாடத் தளங்களுக்குச் செல்லும் டேட்டாவுக்குத் தொலைபேசி நிறுவனங்கள் மாணவர்களிடம் கட்டணம் வாங்காமல் விட்டன. இருபது இடங்களில் இருபது பேரோடு தனித்தனியாகப் பேரம் பேசியிருந்தால் இது அவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது. எல்லாருக்குமாகப் பேச ஏற்கெனவே ஓர் அமைப்பு இருந்தது.

இந்தியாவில் இன்னும் சரியாகாத இடம் கல்லூரிகள். பல்கலைக்கழகங்களுக்கு 1 ஜிகாபிட் என்று திட்டமிட்ட அதே காலத்தில், அவற்றோடு இணைந்த கல்லூரிகளுக்குச் சில மெகாபிட்தான் ஒதுக்கினார்கள். நம் மாணவர்களில் பெரும்பாலோர் படிப்பது கல்லூரிகளில்தான். ஒரு கலைக்கல்லூரியின் உயிரியல் துறையில் மரபணுத் தரவை வைத்துப் பாடம் நடத்த விரும்பும் ஆசிரியருக்கு, மாவட்டத் தலைநகர்வரை வந்து நிற்கும் இழையை வகுப்பறைவரை கொண்டுவர யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதே தெளிவாக இல்லை. பல்கலைக்கழகமா, உயர்கல்வித் துறையா, கேபிள் வைத்திருக்கும் நிறுவனமா என்பதை மாநில அரசு ஓர் ஆணையில் சொல்லிவிடலாம்.