பிக்-அப்புக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

ஓடிக்கொண்டிருக்கும் காரில் ஒரு குறையும் இல்லை. கடன் தவணையும் முடியும் தறுவாயில் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து, அதே காரின் 'ஸ்போர்ட்ஸ்' வடிவம் பைபாஸில் நம்மைத் தாண்டி உறுமிக்கொண்டு போகிறது. அன்று இரவே யூடியூபில் விமர்சன வீடியோக்கள், மறுநாள் ஷோரூமுக்கு ஒரு போன், வார இறுதியில் எக்ஸ்சேஞ்ச் மதிப்பு விசாரிப்பு. இந்த ஆசையில் தப்பு எதுவும் இல்லை. ஓட்டுவதில் சந்தோஷம் காண்பவர்களுக்கு நல்ல இன்ஜினும் ஒரு தேவைதான். ஆனால், நடுத்தரக் குடும்பத்தில் வீட்டுக்கு அடுத்தபடியான பெரிய செலவு கார். கையில் இருப்பதை விற்றுவிட்டு, அதே ஜாடையில் இருக்கும் இன்னொன்றை வாங்குவதா என்பதை விளம்பரத்தில் வரும் குதிரைத்திறன் எண்ணை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது.

நம் ஊரில் தயாராகும் காரையே எடுத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் ஹூண்டாய் ஆலையில் இருந்து வருகிறது ஐ20. இதன் மூன்றாம் தலைமுறை 2020 நவம்பரில் வந்தது. 2021 செப்டம்பரில் அதன் ஸ்போர்ட்ஸ் வடிவமான ஐ20 என்-லைன் வந்தது. அப்போது அதன் ஆரம்ப ஷோரூம் விலை 9.84 லட்சம் ரூபாய். முதலில் சாதாரண ஐ20-யிலும் 1.0 லிட்டர் டர்போ இன்ஜின் கிடைத்தது. 2023 செப்டம்பரில் ஃபேஸ்லிஃப்ட் வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். இப்போது சாதாரண ஐ20 என்றால் 1.2 லிட்டர் பெட்ரோல். டர்போ வேண்டும் என்றால் என்-லைன்தான். நடுவில் வேறு வழி இல்லை.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். ஐரோப்பாவில் 'ஐ20 என்' என்று ஒரு கார் விற்றது. 1.6 லிட்டர் டர்போ, 204 குதிரைத்திறன். சர்வதேச வீடியோக்களில் பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வளைவில் திரும்புவது அதுதான். இங்கே கிடைக்கும் என்-லைன் 120 குதிரைத்திறன். அதைப் பார்த்துவிட்டு இதை வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அப்படியானால் என்-லைன் வெறும் சிவப்புக் கோடும் ஸ்டிக்கருமா? இல்லை. சஸ்பென்ஷன் இறுக்கமாகியிருக்கிறது. ஸ்டீயரிங்கின் கனம் கூடியிருக்கிறது. நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் வந்திருக்கிறது. எக்ஸாஸ்ட் சத்தத்துக்கு ஒரு அடித்தொனி கிடைத்திருக்கிறது. இவை எல்லாம் உண்மையான மாற்றங்கள். ஆனால், பணத்துக்கான முக்கியக் காரணம் இன்ஜின்தான்.

83 குதிரைத்திறன், 120 குதிரைத்திறன் என்று ஷோரூமில் ஒப்பிட்டுச் சொல்வார்கள். அந்தக் கணக்கை ஓரமாக வையுங்கள். உச்ச குதிரைத்திறனைத் தொட இன்ஜினை 6,000 ஆர்.பி.எம்முக்குத் துரத்த வேண்டும். குடும்பத்தோடு போகும் யார் அப்படி ஓட்டுகிறார்கள்? பார்க்க வேண்டியது டார்க், அதாவது இழுவை. 1.2 லிட்டர் இன்ஜினின் டார்க் சுமார் 115 நியூட்டன் மீட்டர். அதுவும் 4,200 ஆர்.பி.எம்மில்தான் முழுதாகக் கிடைக்கும். டர்போவின் டார்க் 172. ஒன்றரை மடங்கு. அது 1,500 ஆர்.பி.எம்மிலேயே வந்துவிடுகிறது, 4,000 வரை அப்படியே நிற்கிறது. நாம் தினமும் இன்ஜினை வைத்திருக்கும் இடம் சரியாக அந்த எல்லைக்குள் வருகிறது. வீணாக வெளியேறும் புகையின் வேகத்திலேயே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழலவிட்டு, அதன் மூலம் கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் அமுக்கி அனுப்புவதுதான் டர்போ. காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும். மூன்று சிலிண்டர், 998 சிசி இன்ஜின் தன்னைவிடப் பெரிய நான்கு சிலிண்டர் இன்ஜினை முந்துவது இதனால்தான்.

இந்த வித்தியாசம் எங்கே தெரியும்? நான்கு வழிச்சாலையில் சீராக 90-ல் போகும்போது தெரியாது. இரண்டு காரும் அங்கே ஒன்றுதான். மாவட்டச் சாலைகளில், நடுவில் தடுப்பு இல்லாத இருவழிப் பாதையில் போய்ப் பாருங்கள். முன்னால் கரும்பு லாரி 50-ல் போகிறது. காரில் ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏ.சி. ஓடுகிறது. எதிரே தூரத்தில் ஒரு பஸ் தெரிகிறது. 1.2 லிட்டர் வண்டியில் நான்காவது கியரில் இருந்து மூன்றாவதுக்கு இறக்குவோம், போதாமல் இரண்டாவதுக்கும் இறக்குவோம். இன்ஜின் கத்தும், முள் ஏறும், வண்டி மட்டும் நிதானமாகத்தான் வேகம் பிடிக்கும். டர்போவில் மூன்றாவது கியரில் வைத்து மிதித்தால் போதும், முதுகு சீட்டில் அழுந்தும். லாரி பின்னால் போய்விடும். நாம் 80-ல், எதிர் பஸ் 80-ல் என்றால் நொடிக்கு 44 மீட்டர் இடைவெளி கரைகிறது. ஓவர்டேக்கில் மிச்சமாகும் ஒவ்வொரு நொடியும் 44 மீட்டர் உயிர்க்காப்பு. பவர் என்பது ஆடம்பரம் என்று சொல்பவர்களிடம் நான் வைக்கும் வாதம் இதுதான்.

மலை ஏறும்போது இன்னும் பளிச்சென்று தெரியும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்குள் வேகம் குறைந்து, திரும்பி ஏற்றத்துக்கு நிமிரும் அந்த நொடியில் 1.2 லிட்டர் இன்ஜின் இரண்டாவது கியரில் மூச்சு வாங்கும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தும் ஏறாமல், முதல் கியரைத் தேடுவோம். பின்னால் அரசுப் பேருந்து ஹாரன் அடிக்கும். டர்போவை அதே வளைவில் இரண்டாவது கியரிலேயே இழுத்துவிடலாம். இங்கேயும் ஒரு நிபந்தனை உண்டு: முள் 1,500-க்குக் கீழே விழுந்துவிடக் கூடாது. விழுந்தால் டர்போ தூங்கிவிடும். அப்போது உங்களிடம் இருப்பது ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் இன்ஜின் மட்டும். டர்போ மறுபடி விழித்து எழும் வரை ஒரு தயக்கம் இருக்கும். பழகினால் இதைச் சமாளிக்கலாம்.

நகரத்துக்குள் கதை வேறு. வடபழனி சிக்னலிலும் காந்திபுரம் நெரிசலிலும் ஊர்ந்து போகும்போது டர்போவின் பலம் பயன்படும் இடமே இல்லை. ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கி, இரண்டாவது கியரில் மெல்ல நகரும் ஓட்டத்தில் நான்கு சிலிண்டர் 1.2 இன்ஜின்தான் வழுவழுப்பு. இறுக்கமான சஸ்பென்ஷன் பின்சீட்டில் இருக்கும் அம்மா அப்பாவின் இடுப்புக்குத் தெரியும். ஏழு கியர் டி.சி.டி. ஆட்டோமேட்டிக் எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அது உலர் கிளட்ச் வகை. நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினால், மேனுவல் வண்டியை ஹாஃப் கிளட்ச்சில் வைத்திருப்பது போல அது உள்ளே சூடாகும். முன் வண்டி கொஞ்சம் நகரட்டும் என்று விட்டு, பிறகு ஒரே மூச்சில் நகர்வது நல்லது. தினமும் இரண்டு மணி நேரம் நெரிசலில் இருப்பவருக்கு இந்த காரைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வராது. மைலேஜும் அப்படித்தான். டர்போ இன்ஜினின் மைலேஜ் வலது காலில் இருக்கிறது. மிதிக்கத்தானே வாங்குகிறோம், மிதித்தால் கணிசமாக இறங்கும்.

இப்போது பணம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் இவ்வளவுதானே' என்று ஷோரூம் விலையை மட்டும் கழித்துப் பார்க்கிறார்கள்.

காரின் வயது மூன்றைத் தாண்டி நான்குக்குள் என்றால், இன்ஷூரன்ஸ் கணக்கில் அதன் மதிப்பில் 40 சதவிகிதம் தேய்மானம். நான்கைத் தாண்டினால் 50. சந்தையில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். ஆனால், முதல் சில வருடங்களில் கரைந்த அந்தப் பணத்தை மறுபடி முதலில் இருந்து கரைக்கத் தொடங்குகிறோம் என்பதுதான் மாற்றிக்கொள்வதன் நிஜமான விலை. அடுத்து சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இருந்து புதிய கார்களுக்கு 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை 13 சதவிகிதம். 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவிகிதம். ஒரு வேரியன்ட் 9.80 லட்சம், அடுத்தது 10.60 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை வித்தியாசம் 80,000. வரி முன்னதற்கு 1,27,400, பின்னதற்கு 1,90,800. வரியில் மட்டும் 63,400 கூடுகிறது. 80,000 என்று நினைத்துப் போனவர் 1,43,400 கூடுதலாகக் கொடுத்துவிட்டு வருவார். என்-லைனில் உயர் வேரியன்ட்கள் இந்த 10 லட்சக் கோட்டைத் தாண்டிவிடும் என்பதால், கீழ் வேரியன்ட் மேனுவலை முதலில் விசாரிப்பதுதான் புத்திசாலித்தனம். இன்ஜின் ஒன்றுதானே!

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் பிரீமியம் பவரைப் பார்ப்பதில்லை, சிசியைத்தான் பார்க்கிறது. 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி புதிய காருக்கு மூன்று வருட பிரீமியம் 1,000 சிசி வரை 6,521 ரூபாய்; 1,000 முதல் 1,500 சிசி வரை 10,640 ரூபாய். 998 சிசி டர்போ முதல் வகையில் வருகிறது, 1,197 சிசி சாதாரண இன்ஜின் இரண்டாவது வகையில். பலசாலிக்குக் கட்டணம் குறைவு! ஜி.எஸ்.டி.யும் அப்படியே. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1,200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு 18 சதவிகிதம், மற்ற பெட்ரோல் கார்களுக்கு 40. ஐ20-யின் நீளம் 3,995 மில்லிமீட்டர். டர்போவாக இருந்தாலும் அது சின்ன கார்தான்.

பவர் கூட்டிய சின்ன கார்களின் வரலாற்றையும் மறக்கக் கூடாது. 2013-ல் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., 2015-ல் 145 குதிரைத்திறனோடு அபார்த் புன்டோ, 2017-ல் பலேனோ ஆர்.எஸ். எல்லாம் ரசிகர்கள் கொண்டாடிய வண்டிகள். பலேனோ ஆர்.எஸ். 2020-ல் பி.எஸ்.6 புகை விதி வந்தபோது நின்றது. அபார்த் புன்டோவைத் தந்த ஃபியட் நம் ஊர் ஷோரூம்களைவிட்டே போய்விட்டது. 2022-ல் போலோவும் நின்றது. இவற்றை இன்றும் செல்லமாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால், உதிரிப் பாகத்துக்காக அவர்கள் அலைவதையும் பார்க்கிறோம். என்-லைனுக்கு இந்த பயம் கொஞ்சம் குறைவு. உதிரிப் பாகங்களில் பெரும்பாலானவை சாதாரண ஐ20-யோடு பொது, டர்போ இன்ஜினும் வென்யூவில் இருப்பதுதான்.

இதே கேள்வி ஃபோக்ஸ்வேகன் வெர்ட்டுஸில் இன்னும் சுவாரஸ்யம். 1.0 லிட்டர் 115 குதிரைத்திறன், 178 நியூட்டன் மீட்டர்; 1.5 லிட்டர் 150 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர். அங்கே இரண்டுமே டர்போ. சின்னதே போதுமான இழுவை தரும் என்பதால், 1.0 வைத்திருப்பவர் 1.5-க்கு மாறுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. முதல் முறை வாங்கும்போதே 1.5 எடுப்பவருக்கு என் முழு ஆதரவு.

'மாற்றவே வேண்டாம், ரீமேப் பண்ணிடலாம்' என்று ஒரு கூட்டம் சொல்லும். இன்ஜினின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றி பவரைக் கூட்டுவது. வேண்டாம் என்றே சொல்வேன். வாரன்ட்டி போகும். ஆர்.சி. விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மறுக்க ஒரு காரணம் கொடுத்தது போலாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பவரை ஏற்றிவிட்டு பழைய பிரேக்கிலேயே ஓட்டுவது ஆபத்து. 80-ல் போகும் வண்டியைவிட 100-ல் போகும் வண்டியை நிறுத்த பிரேக் ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தியை விழுங்க வேண்டும். கம்பெனி என்-லைனுக்கு நான்கு டிஸ்க் பிரேக் கொடுத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பழைய காரையே உற்சாகமாக்க வேண்டுமானால், அந்தப் பணத்தில் நல்ல டயர் நான்கு போடுங்கள், சஸ்பென்ஷன் புஷ்களைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி புதுசாகத் தெரியும்.

வேகத்துக்காகவே ஆசைப்படுபவர்களுக்கு: அதற்குச் சாலை இடம் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை இருக்கும் அதே பகுதியில்தான் 1990-ல் திறந்த மெட்ராஸ் ரேஸ் டிராக் இருக்கிறது, 3.7 கிலோமீட்டர். கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. தனியார் கார்களை ஓட்டவிடும் நாட்களை விசாரித்துக்கொண்டு, ஹெல்மெட்டோடு போங்கள்.

என் தீர்ப்பு இதுதான். நகரத்துக்குள்ளேயே ஓட்டம், வருடத்துக்கு இரண்டு முறை சொந்த ஊர் என்றால் மாற்றாதீர்கள், 1.2 லிட்டர் வண்டி அதற்கு நிறைவாகப் போதும். மாதம் பல முறை இருவழிச் சாலையிலும் மலையிலும் முழு பாரத்தோடு போகிறவர், கடன் இல்லாமல் அல்லது சின்னக் கடனில் முடிக்க முடிகிறவர் தாராளமாக மாறலாம். 10 லட்சத்துக்குள் வரும் மேனுவல் என்-லைன் அவருக்கு நல்ல தேர்வு. இன்னும் முதல் காரையே வாங்காதவர் என்றால், பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காமல் இப்போதே டர்போவுக்குப் போவது மொத்தத்தில் மலிவு.

முடிவெடுக்கும் முன் டெஸ்ட் டிரைவுக்கு மட்டும் தனியாகப் போகாதீர்கள். ஷோரூமைச் சுற்றி சமதளத்தில் ஒரு ரவுண்டு ஓட்டினால் எந்த காரும் நன்றாகத்தான் இருக்கும். வீட்டில் உள்ளவர்களை ஏற்றிக்கொள்ளுங்கள், ஏ.சி.யைப் போடுங்கள், ஒரு மேம்பாலத்தை இரண்டாவது கியரில் ஏறுங்கள். பிறகு உங்கள் சொந்த காரிலும் அதே ஆட்களோடு அதே பாலத்தை ஏறிவிட்டு, பின்சீட்டில் இருப்பவர்களிடம் அபிப்பிராயம் கேளுங்கள்.