கலையும் கருவும் குரோமோசோம் கணக்கும்

தொடக்க மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் எண்ணிக்கைப் பிழை. 46 இருக்க வேண்டிய இடத்தில் 47 இருக்கும், அல்லது 45. இந்தப் பிழை பெரும்பாலும் கருமுட்டையில்தான் நேர்கிறது. பெண் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே முட்டைகள் உருவாகி, பாதிப் பிரிவில் நின்றுவிடுகின்றன. 38 வயதில் வெளிவரும் முட்டை அத்தனை ஆண்டுகளும் அப்படியே காத்திருந்தது. குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடிக்கும் கொஹீசின் புரதம் அதற்குள் தளர்ந்திருக்கும். அதனால் ஜோடி சரியாகப் பிரியாமல் போகலாம்.

ஒரகடம் ஆலையொன்றில் நின்றபடி ஷிப்டு பார்க்கும் பெண்ணுக்குக் கரு கலைந்தால் பப்பாளி, பைக் பயணம், வேலை என்று பழி தேடுவார்கள். இரவு ஷிப்டுக்கும் கருச்சிதைவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் 16ஆம் குரோமோசோம் மூன்றாக அமைந்துவிட்ட கருவை எந்த ஓய்வும் காப்பாற்றாது.

கரு திரும்பத் திரும்பக் கலையும் தம்பதியரில் 100க்கு 2 முதல் 5 ஜோடிகளில், ஒருவரின் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருக்கும். அவருக்கு வெளியே எந்தக் குறையும் தெரியாது. அவர் கணவராகவும் இருக்கலாம்; ஆகவே குரோமோசோம்களைப் பார்க்கும் கேரியோடைப் இரத்தப் பரிசோதனை இருவருக்கும் தேவை. மருமகளை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது அரைகுறை வேலை. கலைந்த திசுவையும் சோதித்தால் காரணம் இன்னும் தெளிவாகும். இடமாற்றம் உள்ளவர்களிலும் பலர் இயல்பாகவே நலமான குழந்தை பெறுகிறார்கள்.