கூட வந்தவர்கள்

திங்கட்கிழமை காலையில் வேலூர் சாலையில் வேங்கிக்கால் பக்கம் போனால், திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு வரும் கூட்டத்தைப் பார்க்கலாம். மக்கள் குறைதீர்வு நாள். பட்டாவில் பெயர் மாறவில்லை, முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது, ரேஷன் கார்டில் பிழை, வரப்பில் தகராறு. எதுவும் பத்திரிகைச் செய்தியாகாது. ஆனால் ஒரு வீட்டின் தூக்கத்தைக் கெடுக்க இதில் ஒன்று போதும். பல வீடுகளில் இரண்டு மூன்று சேர்ந்தே வருகின்றன.

மனு ஒருவர் பெயரில்தான் இருக்கும். அவர் தனியாக வருவது அபூர்வம். ஆதார் நகலையும் போன மனுவின் ரசீதையும் மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருப்பது மகள். தாத்தா சொல்லச் சொல்ல மனுவை எழுதிக் கொடுத்தது பேத்தி. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வண்டியில் உட்காரவைத்துக் கூட்டி வந்தது தம்பி. மனுதாரர் பெயர் பதிவேட்டில் ஏறும். கூட வந்தவர்களின் பெயர் எங்கும் ஏறாது. அலுவலகத்தைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. வருத்தம் என்னவென்றால், நம் நினைவிலிருந்தும் அவர்கள் அப்படியே விடுபட்டுப் போகிறார்கள் என்பதுதான். ஏன் அப்படி ஆகிறது என்பதற்கு உளவியல் இன்று ஓரளவு பதில் வைத்திருக்கிறது.

வேங்கிக்காலிலிருந்து அண்ணாமலை நன்றாகத் தெரியும். கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேல் எழும்பி நிற்கும் பாறை மலை. அதன் சரிவு எவ்வளவு செங்குத்து என்று கேட்டால், எல்லோருடைய கண்ணும் ஒரே விடை சொல்லும் என்றுதான் நினைப்போம். சிமோன் ஷ்னாலும் அவருடைய சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. ஒரு குன்றின் அடிவாரத்தில் தனியாக நின்றவர்களிடமும் நண்பரோடு நின்றவர்களிடமும் சரிவை மதிப்பிடச் சொன்னார்கள். துணையோடு நின்றவர்கள் சரிவைக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். நட்பு பழையதாக இருந்தால் ஏற்றம் இன்னும் குறைந்தது. தனக்கு ஆதரவாக இருக்கும் ஒருவரை மனத்தில் நினைத்துக்கொண்டாலே போதும், மதிப்பீடு இறங்கியது.

பார்வையே மாறுகிறதா, சொல்லும் விடை மட்டும் மாறுகிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் விவாதம் உண்டு. அந்த விவாதம் நியாயமானது. ஆனால் மூளையையே படம் பிடித்த ஓர் ஆய்வு இதே திசையைக் காட்டியது. ஜேம்ஸ் கோன் குழு 2006இல் வெளியிட்டது அது. திருமணமான 16 பெண்கள் எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்திருந்தார்கள். காலில் லேசான மின் அதிர்ச்சி வரலாம் என்ற எச்சரிக்கை அவ்வப்போது கண்முன் தோன்றும். ஒரு சுற்றில் யாரும் கையைப் பிடிக்கவில்லை. ஒரு சுற்றில் முன்பின் தெரியாத ஒருவர் பிடித்தார். இன்னொரு சுற்றில் கணவர் பிடித்தார். அந்நியரின் கைக்கே மூளையின் அபாயக் கிளர்ச்சி சற்றுத் தணிந்தது. கணவரின் கைக்கு அதைவிட நன்றாகத் தணிந்தது. இணக்கமான மணவாழ்க்கை உள்ளவர்களிடம் ஹைபோதலமஸ் வரை அந்த அமைதி எட்டியது. கார்டிசால் போன்ற அழுத்தச் சுரப்புகளுக்கு முதல் உத்தரவு போவது அங்கிருந்துதான்.

வீடு என்று ஒன்று இருந்தாலே போதும் என்று இந்த முடிவைப் படித்துவிடக் கூடாது. உறவின் தரம் குறையக் குறைய ஆறுதலும் குறைந்தது. அடியும் அவமானமும் கிடைக்கும் வீட்டில் இருப்பவரிடம் போய் நன்றியோடு இரு என்று உபதேசிக்க எந்த ஆய்வும் இடம் தரவில்லை.

இதையெல்லாம் வைத்து கோன் முன்வைக்கும் விளக்கம் எனக்கு மிகப் பிடித்தமானது. மனித மூளை தனிமையை இயல்பு நிலையாக எடுத்துக்கொள்வதில்லை. பக்கத்தில் நம் ஆட்கள் இருப்பார்கள், சுமையில் பாதியை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அது நாளைத் தொடங்குகிறது. துணை கிடைக்கும்போது புதிதாக ஏதோ கிடைத்ததாக அது உணர்வதில்லை. துணை இல்லாதபோதுதான் கூடுதல் செலவு தெரிகிறது. குடும்பத்தின் உதவி நம் கண்ணில் படாமல் போவதற்கு வேர் இங்கேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். வரவேண்டிய பயம் வரவில்லை, விழவேண்டிய அடி பாதிதான் விழுந்தது. நடக்காத ஒன்றை நினைவு எப்படிச் சேர்த்து வைக்கும்?

சங்கடங்களோ தவறாமல் நினைவில் ஏறுகின்றன. ரிச்சர்டு லாசரஸும் சகாக்களும் 1981இல் வெளியிட்ட ஆய்வில் நடுவயதினர் 100 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். மரணம், வேலையிழப்பு போன்ற பெரிய நிகழ்வுகளைவிட அன்றாடத் தொல்லைகளே அவர்களின் மனநலக் குறைகளை நன்றாக முன்கூட்டிக் காட்டின. தொலைந்த சாவி, தாமதமான பணம், ஓயாத வீட்டு வேலை போன்றவை.

சறுக்கல் தொடரும் நாட்களில் நாம் முதலில் தவறவிடுவதும் வீட்டாரைத்தான். ரெனா ரெபெட்டி 1989இல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் நாட்குறிப்புகளை ஆராய்ந்தார். வேலை நெருக்கிய நாளின் மாலையில் அவர்கள் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கியிருந்தார்கள். வெளியே பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குள் வந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழக்கம் எந்த ஊருக்குத்தான் புதிது?

சைக்கிளில் எதிர்காற்றில் மிதிக்கும்போது ஒவ்வொரு மிதிக்கும் காற்று தெரியும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளும், இரண்டே நிமிடத்தில் அதை மறந்துவிடுவோம். ஷாய் டேவிடாய், தாமஸ் கிலோவிச் இருவரும் இந்தக் காற்றின் பெயராலேயே 2016இல் ஓர் ஆய்வுத் தொடரை வெளியிட்டார்கள். தடைகளோடு நாம் மல்லுக்கட்ட வேண்டியிருப்பதால் அவை மனத்தில் தங்குகின்றன. உதவிகளோடு மல்லுக்கட்டத் தேவையில்லை என்பதால் அவை நழுவிவிடுகின்றன. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைக்குக் கடினமான வினாத்தாள் ஆயுளுக்கும் நினைவிருக்கும். விடியற்காலை நான்கரைக்கு அம்மா போட்ட காபி இருக்காது.

இந்த நழுவலுக்குக் கணக்கே உண்டு. வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி இருவரும் கணவரையும் மனைவியையும் தனித்தனியே கேட்டார்கள். 1979இல் வெளியான அந்த ஆய்வில் பல இணைகளின் இரண்டு விடைகளைக் கூட்டியபோது நூறு சதவீதத்தைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. தான் செய்தது செய்தவருக்குச் சட்டென நினைவுக்கு வருகிறது, மற்றவர் செய்தது வருவதில்லை. இந்தியாவில் இப்படி மறக்கப்படும் உழைப்புக்கு அளவும் இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டாருக்காகச் சம்பளமில்லா வீட்டு வேலை செய்த பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிட்ட சராசரி நேரம் 289 நிமிடம். அதில் ஈடுபட்ட ஆண்களுக்கு 88 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேர உழைப்பு ஒவ்வொரு நாளும் நம் கண்ணெதிரே நடந்து முடிகிறது. வீட்டாருக்கு நன்றியோடு இருப்பது பண்பு என்கிறோம். எனக்கு அது முதலில் சரியாகப் பார்ப்பதாகவே படுகிறது.

அப்படிப் பார்க்கப் பழகலாமா? பழகலாம், பெரிய அற்புதத்தை எதிர்பார்க்காவிட்டால். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக்குரியவற்றை எழுதிவந்தவர்கள் தொல்லைகளை எழுதிவந்தவர்களைவிட வாழ்க்கையைப் பற்றி நம்பிக்கையோடு இருந்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகளில் பலன் மிதமாகவே இருந்தது. எனக்குக் கூர்மையாகப் படும் வழி, மின்கியுங் கூவும் சகாக்களும் 2008இல் சோதித்தது. தங்கள் துணையை எப்படிச் சந்தித்தோம் என்று சிலரை எழுதச் சொன்னார்கள். சந்திக்காமலே எப்படிப் போயிருக்கக்கூடும் என்று வேறு சிலரை எழுதச் சொன்னார்கள். இரண்டாமவர்களுக்கே உறவில் நிறைவு அதிகமாகத் தெரிந்தது. ஆட்சியர் அலுவலக வரிசையில் நிற்பவர் ஒரு நிமிடம் இதைச் செய்து பார்க்கலாம். மகள் வரவில்லை என்றால் இந்தப் பை யாரிடம் இருந்திருக்கும்? எந்தக் கவுன்ட்டரில் என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்குமா?

வீட்டுக்குள் நன்றி என்று வாய்விட்டுச் சொல்ல நமக்குக் கூச்சம். சேரா ஆல்கோ குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் கூச்சத்தைத் தாண்ட வழி காட்டுகிறது. நன்றி சொல்லும்போது தனக்குக் கிடைத்த நன்மையைச் சொல்வதைவிட, செய்தவரின் குணத்தைச் சொல்வதே கேட்டவரின் மனத்தை அதிகம் தொட்டது. எனக்கு வேலை முடிந்தது என்று மட்டும் சொல்வது ஒன்று. "எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி எடுத்துட்டு வந்துட்ட பாரு, உனக்கு எவ்ளோ பொறுமைம்மா" என்பது இன்னொன்று. மனு ஏற்கப்பட்டாலும் சரி, அடுத்த திங்கட்கிழமையும் வரச் சொன்னாலும் சரி, திரும்பிப் போகும் பஸ்ஸில் இதைச் சொல்லிவிடலாம்.