நெடுஞ்சாலை வேகத்தில் நடுங்கும் ஸ்டீயரிங்: பிக்கப் உரிமையாளரின் சோதனையும் சட்டத் தீர்வும்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் நோக்கிக் கூட்டரசு நெடுஞ்சாலையில் செல்லும் பிக்கப் வண்டி, 70 கிலோமீட்டர் வேகம் வரை சாதாரணமாக ஓடி, 90ஐ நெருங்கும்போது மட்டும் ஸ்டீயரிங்கில் நடுங்குமானால், அந்த நடுக்கம் எந்த வேகத்தில் எழுகிறது, எங்கே உணரப்படுகிறது, எப்போது தணிகிறது என்ற விவரங்களே கோளாற்றைக் கண்டறிய உதவும் முதல் தடயங்களாகும். பெரும்பாலான உரிமையாளர்கள் ‘ஸ்டீயரிங் ஆடுகிறது’ என்று மட்டும் சொல்லி வண்டியைப் பட்டறையில் விட்டுவிடுவதால், அலைன்மெண்டும் பேலன்சிங்கும் சேர்த்துச் செய்யப்பட்டுக் கட்டணமும் வாங்கப்படுகிறது. ஒரு வாரத்தில் நடுக்கம் திரும்பினால், முன்பிருந்தது எது, புதிதாக வந்தது எது என்று காட்ட அவர்கள் கையில் எதுவும் இருப்பதில்லை.

நடுக்கம் வேகத்தோடு சேர்ந்து வருவதற்கான காரணம் எளிய கணக்கில் விளங்கும். பிக்கப் வண்டிகளில் பரவலாகக் காணப்படும் 265/65 ஆர்17 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.44 மீட்டர் என்பதால், 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குப் பதினொரு முறைக்கு மேல் சுழல்கிறது. ரிம்மின் விளிம்பில் ஒரு பக்கம் 30 கிராம் மிகுந்திருந்தால், அந்த வேகத்தில் அது ஏறக்குறைய 3.4 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை வெளிநோக்கி இழுக்கும்; இவ்விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், 50 கிலோமீட்டரில் அதில் கால் பங்கே எஞ்சும். இந்த இழுப்பின் அதிர்வெண், முன்சக்கர அமைப்பின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும்போது நடுக்கம் உச்சத்தை அடைகிறது. வேகம் மேலும் கூடினால் அது குறைந்துவிடுவதும் உண்டு. அப்படிக் குறைவதைக் கொண்டு கோளாறு தீர்ந்துவிட்டதாகக் கருதலாகாது.

ஸ்டீயரிங்கில் உணரப்படும் நடுக்கம் பெரும்பாலும் முன்சக்கரங்களையும், இருக்கையிலும் தரையிலும் உணரப்படுவது பின்சக்கரங்களையோ புரொபெல்லர் ஷாஃப்ட்டையோ சுட்டும். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் வருவது, பிரேக் டிஸ்க்கின் தடிமன் சீரற்றுப் போனதன் அறிகுறியாக இருக்கக்கூடும். முடுக்கும்போது கூடி, காலை எடுத்தவுடன் தணிவது, சக்கரத்தைவிட, இஞ்சினின் ஆற்றலைச் சக்கரத்துக்குக் கடத்தும் பாகங்களின் மீதே ஐயத்தை எழுப்பும். இவற்றைச் சாலையில் சோதிக்கும்போது உடன் வருபவரே குறிப்பெடுக்க வேண்டும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கக் கூடாது. முன்சக்கரங்களைப் பின்னுக்கு மாற்றிய பின் நடுக்கம் ஸ்டீயரிங்கை விட்டு இருக்கைக்கு இடம்பெயர்ந்தால், குற்றம் டயரிலோ ரிம்மிலோ இருப்பது ஏறத்தாழ உறுதியாகிவிடும்.

கிள்ளான் துறைமுகத்துக்குச் செல்லும் கொள்கலன் லாரிகளால் நொறுங்கிய சாலையின் குழிகள் ரிம்மை வளைப்பதும், எண்ணெய்ப்பனைத் தோட்டத்துச் சேறு ரிம்மின் உட்புறத்தில் காய்ந்து ஒட்டிக்கொள்வதும் இவ்வட்டாரத்தில் எதிர்பார்க்கத்தக்க காரணங்கள். பின்னதற்கு வேண்டியது தண்ணீர் மட்டுமே. அழகுக்காக மாற்றப்பட்ட ரிம்மின் நடுத்துளையும் ஹப்பின் விட்டமும் பொருந்தாமையும் கவனிக்கத்தக்கது: டொயோட்டா ஹைலக்ஸுக்கு 106.1 மில்லிமீட்டரும் ஃபோர்ட் ரேஞ்சருக்கு 93.1 மில்லிமீட்டரும் தேவைப்பட, ஹைலக்ஸுக்கானதை ரேஞ்சரில் இடைவளையமின்றிப் பூட்டினால், சக்கரம் மையம் விலகி உட்கார வாய்ப்புண்டு. அலைன்மெண்ட் பிசகு வண்டியை ஒரு பக்கம் இழுக்கும், டயரைச் சீரின்றித் தேய்க்கும். ஆனால் அதுமட்டுமே இத்தகைய நடுக்கத்தை உண்டாக்குவது அரிது. ஆகவே நடுக்கத்துக்கு மருந்தாக அலைன்மெண்டை முதலில் பரிந்துரைக்கும் பட்டறையிடம் காரணம் கேட்பது தகும்.

பட்டறையில் உரிமையாளர் அருகில் நின்று பார்க்க வேண்டியவை சில உண்டு. பேலன்சிங் இயந்திரத்தில் சக்கரம் சுழலும்போது, அசையாமல் பிடித்த பேனா முனையை ரிம்மின் விளிம்புக்கு அருகில் வைத்தால், வளைந்த ரிம் முனையை நெருங்கியும் விலகியும் ஓடுவது கண்ணுக்கே தெரியும். வண்டியைத் தூக்கியபின் டயரை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிவது பேரிங் அல்லது பால் ஜாயின்ட்டின் தேய்மானத்தையும், இடமும் வலமும் பிடிக்கும்போது தெரிவது டை ராட் எண்டின் தேய்மானத்தையும் காட்டும். டயரின் பக்கவாட்டில் புடைப்பு காணப்பட்டாலோ, பால் ஜாயின்ட் ஆடினாலோ அவ்வண்டியை நெடுஞ்சாலைக்குக் கொண்டுசெல்லலாகாது. இணையத்தில் பரவும் ‘மரண நடுக்கம்’ என்ற காணொளிகளைக் கண்டு மிரளத் தேவையில்லை. அவற்றில் பெரும்பாலானவை திட முன்அச்சு கொண்ட அமெரிக்க வண்டிகளைப் பற்றியவை. இங்கு ஓடும் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் முன்சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே அசைபவை.

பழுதுபார்த்த பின்னும் நடுக்கம் நீடித்தாலோ, வாங்கிய வண்டியே அப்படி இருந்தாலோ, 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், சேவை நியாயமான கவனத்தோடும் திறனோடும் செய்யப்பட வேண்டும் என்பவை அது வழங்கும் உத்தரவாதங்கள். ‘இருக்கிறபடியே விற்கப்படுகிறது’ என்ற வரியில் கையெழுத்து வாங்குவதால் அவற்றை ஒழித்துவிட முடியாது. எனினும், விற்பதற்கு முன்பே குறிப்பிட்டுச் சுட்டிக்காட்டப்பட்ட குறைக்கு விற்பவர் பொறுப்பாகார். குறை பெரிதென்றால் வண்டியைத் திருப்பித் தரலாம். அதற்கும் நியாயமான காலத்துக்குள் செயல்பட வேண்டும்.

பட்டறையோ விற்பனையாளரோ இணங்காவிடில், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். கோரிக்கையின் உச்சவரம்பு 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் 25,000 ரிங்கிட்டிலிருந்து 50,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் மனுதாரரே பேசுவதே அங்குள்ள வழக்கம் என்பதால், வேகமும் தேதியும் குறித்த குறிப்பு, பேலன்சிங் ரசீது, மாற்றிய பழைய பாகம், வேறொரு பட்டறையின் எழுத்துபூர்வக் கருத்து ஆகியவையே அவருக்காக வாதாடும்.

இரண்டு வரம்புகளை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். சரக்கு ஏற்றும் தொழிலுக்காகவே நிறுவனத்தின் பெயரில் வாங்கப்பட்ட பிக்கப்பின் உரிமையாளர் ‘பயனீட்டாளர்’ என்ற வரையறைக்குள் வருவாரா என்ற எதிர்வாதம் எழக்கூடும். அத்தகையோர் 1957ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின்கீழ் பொது நீதிமன்றத்தை நாட நேரிடலாம். மேலும், உடற்காயமும் உயிரிழப்பும் சார்ந்த கோரிக்கைகள் இந்நடுவர் மன்றத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவை. எனவே வண்டி விபத்துக்குள்ளாகி எவரேனும் காயமுற்றால், அந்தக் காயத்துக்கான கோரிக்கை 5 ரிங்கிட் மனுவில் அடங்காது.