வெட்டியதையும் சொல்லுங்கள்

தொலைக்காட்சியில் படம் தொடங்கும்போது திரையில் சிறிதாக ஒரு குறியீடு வரும். நாம் அதைக் கவனிப்பதற்குள் கதாநாயகனின் பெயர் வந்துவிடும். ஆனால், அந்தக் குறியீடு நமக்காகத்தான் போடப்படுகிறது.

மலேசியாவில் திரையரங்கிலும் தொலைக்காட்சியிலும் காட்டப்படும் படங்களை, உள்துறை அமைச்சின் கீழ் இயங்கும் திரைப்படத் தணிக்கை வாரியம் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி தணிக்கை செய்கிறது. 2023 ஆகஸ்ட் முதல் ஐந்து பிரிவுகள் நடைமுறையில் உள்ளன. 'யு' அனைவருக்கும் உரியது. 'பி12' என்றால் 12 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் வழிகாட்டுதல் தேவை. 13, 16, 18 ஆகியவை அந்தந்த வயதை எட்டியவர்களுக்கு உரியவை. திரையரங்கில் வயதைக் கேட்க ஊழியர் இருக்கிறார். வீட்டிலோ பெற்றோரும் நாமும்தான் காவல்.

இந்த எச்சரிக்கையை நான் வரவேற்கிறேன். அது நம்மிடம் நேராகப் பேசுகிறது. கத்தரி அப்படியல்ல. வசனத்தில் ஒலியை அடக்கினால் நமக்குத் தெரிந்துவிடும். ஒரு காட்சியையே எடுத்துவிட்டால் எப்படித் தெரியும்?

2016இல் வெளிவந்த 'கபாலி'யை நினைத்துப் பாருங்கள். பா. ரஞ்சித் இயக்கி ரஜினிகாந்த் நடித்த அந்தப் படம் நம் மண்ணின் கதை. தமிழ்நாட்டில் அது ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு முடிந்தது. கபாலிக்கு என்ன ஆனது என்பதை ரசிகர்களே யோசித்துக்கொண்டார்கள். இங்கே திரையிடப்பட்ட பிரதியிலோ, கபாலி காவல்துறையிடம் சரணடைந்தார் என்று எழுத்தில் போடப்பட்டது. ஒரே ஒரு வரிதான். ஆனால், கதையின் முடிவே மாறிவிட்டது.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. குற்றம் செய்தவன் சட்டத்திலிருந்து தப்பினான் என்ற எண்ணம் இளைஞர் மனத்தில் பதியக்கூடாது என்ற கவலை அது. 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கு அந்தக் கவலை புதிதல்ல. என் கேள்வி வேறு. முடிவு மாற்றப்பட்டது என்பதை நம்மிடம் சொல்ல வேண்டாமா? சொல்லாவிட்டால், இயக்குநர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாகவே நாம் நம்புவோம்.

தமிழ்நாட்டிலும் கத்தரி உண்டு. இந்தியாவில் 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் காட்ட முடியாது. குறைத்து மறுசான்றிதழ் பெற வேண்டும். ஆகவே, நம் வீட்டுத் திரைக்கு வரும் படம் திரையரங்கில் ஓடிய அதே படமாக இருக்கும் என்ற உறுதி இல்லை.

நான் கேட்பது ஒரு வரிதான். 'இப்படத்தில் சில காட்சிகள் நீக்கப்பட்டுள்ளன' அல்லது 'முடிவு மாற்றப்பட்டுள்ளது' என்று வயதுக் குறியீட்டோடு சேர்த்துப் போடுங்கள். தணிக்கையின் நோக்கம் இதனால் கெடாது.

மாணவர்களே, அந்த வரி வரும்வரை ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வோம். குறியீட்டைப் படிப்போம். கதை திடீரென்று தாவினால், அங்கே என்ன இருந்திருக்கும் என்று வீட்டில் பேசுவோம். காட்டப்படுவதைப் பார்ப்பவர் பலர். காட்டப்படாததைப் பற்றிக் கேட்பவரே நல்ல ரசிகர்.