கீபோர்டு கெட்டுவிட்டதா? – விசைப்பலகைத் தொல்லைகளும் நம் தமிழும்

போன வருஷம் ஐப்பசி மாதம், ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் பெரியம்மா எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதுவதை நிறுத்திவிட்டார். அவருக்கு வயது 84. காலையில் காபி குடித்த கையோடு நாலு வரியாவது தமிழில் எழுதிப் போடாமல் இருக்கமாட்டார். திடீரென்று மூன்று வாரமாக ஒரு வரி இல்லை. நாங்கள் போடுவதையெல்லாம் பார்க்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. "அக்காவுக்குக் கோபம். கிரகப்பிரவேசத்துக்கு நேர்ல போய் அழைக்கலை இல்லையா" என்று என் அம்மா ஒரு காரணம் கண்டுபிடித்தாள். தம்பி இன்னொரு காரணம் கண்டுபிடித்தான். கடைசியில் நானே புனேயிலிருந்து போன் போட்டு, "என்ன பெரியம்மா, எங்க மேல கோபமா?" என்று கேட்டேன்.

"கோபமாவது ஒண்ணாவது! தமிழ் காணாமப் போயிடுத்துடா. பழைய போன் விழுந்து உடைஞ்சுதுன்னு மாப்பிள்ளை புதுசு வாங்கிக் கொடுத்தார். அதுல ஏ, பி, சி, டிதான் வருது. இங்கிலீஷ் எழுத்துல தமிழை எழுதினா எனக்கே படிக்கப் பிடிக்கலை. எதுக்கு உங்களைத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்" என்றார்.

போன் கெடவில்லை, கீபோர்டும் கெடவில்லை. புதுப் போனில் தமிழ்ப் பலகையைச் சேர்த்துக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் இருக்கும் ஜிபோர்டில் இதற்கு வழி எளிது. எழுதும் இடத்தைத் தொட்டுப் பலகையை வரவழைத்து, அதன் மேல்வரிசையில் இருக்கும் பல்சக்கரப் படத்தைத் தொட்டால் 'மொழிகள்' என்று வரும். அதில் தமிழைச் சேர்க்க வேண்டும். அங்கே ஒரு கேள்வி கேட்கும்: அ, ஆ என்று தமிழ் எழுத்தே தெரியும் பலகை வேண்டுமா, ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழாக மாறும் பலகை வேண்டுமா என்று. பெரியவர்களுக்கு முதலாவதையும், இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டாவதையும் வைத்துக் கொடுப்பது என் வழக்கம். பிறகு பூமி உருண்டைப் படத்தைத் தொட்டாலும், ஸ்பேஸ் பாரைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தாலும் மொழி மாறும். போனிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பெரியம்மாவைச் செய்யவைக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. மூன்று வார மௌனம் பத்து நிமிஷத்தில் கலைந்தது.

அதற்கப்புறம் ஒருநாள், "பலகை ஒரு ஓரமாப் போய் ஒட்டிண்டுடுத்துடா" என்றார். அது ஒற்றைக் கையால் அடிப்பவர்களுக்கான வசதி. கை தவறிப் பட்டிருக்கிறது. பக்கத்தில் தெரியும் விரிக்கும் படத்தைத் தொட்டால் சரியாகிவிடும். சமையலறை ஈரக்கையோடு தொட்டால் தொடுதிரை தானாக வேறு எழுத்தை அடிக்கும். துடைத்துவிட்டுத் தொட்டால் போதும். கடவுச்சொல் கேட்கும் கட்டத்தில் பெரும்பாலும் தமிழ்ப் பலகை வராது, அதுவும் பழுதல்ல. ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன்: பேர் தெரியாத கீபோர்டு ஆப் எதையும் இறக்கிக் கொள்ளாதீர்கள். நாம் அடிப்பதெல்லாம் அதன் வழியாகத்தான் போகிறது.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. 1983-ல் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவன். நம் சங்கத்தில் யாருக்குக் கீபோர்டு தகராறு என்றாலும் என்னிடம் அனுப்புவதால், பட்டுப்பட்டுத் தெரிந்துகொண்டதுதான் எல்லாம். பத்துப் பேர் "கீபோர்டு போயிடுச்சு சார்" என்று வந்தால், உண்மையில் பலகை கெட்டிருப்பது இரண்டு மூன்று பேருக்குத்தான்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையிலேயே ஒரு கீபோர்டு வரும். விசையில் வராத எழுத்தை அதில் மவுஸால் தட்டிப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால் கையில் இருக்கும் பலகையில்தான் கோளாறு இருக்க வேண்டும். அங்கேயும் தப்பாக வந்தால் பலகையைத் திட்டிப் பயனில்லை. உள்ளே ஏதோ அமைப்பு மாறியிருக்கிறது.

பலகையில்தான் கோளாறு என்று தெரிந்தால், எத்தனை விசை என்று எண்ணுங்கள். கீபோர்டின் உள்ளே ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிக் கம்பி கிடையாது. சிக்குக் கோலத்தின் புள்ளி வரிசை மாதிரி, குறுக்கும் நெடுக்குமாகத் தடங்கள் ஓடுகின்றன. ஒரு விசையை அழுத்தினால் ஒரு குறுக்குத் தடமும் ஒரு நெடுக்குத் தடமும் தொட்டுக்கொள்ளும்; எந்த இரண்டு தொட்டன என்பதை வைத்து அது எந்த எழுத்து என்று கணினி தெரிந்துகொள்கிறது. ஆகவே ஒரே ஒரு விசை மட்டும் படுத்துக்கொண்டால் அதன் அடியில் மிக்ஸர் துகளோ தூசியோ இருக்கலாம். பலகையைக் கவிழ்த்துத் தட்டினால் சரியாகிவிடும். நாலைந்து விசைகள் ஒரே நாளில் சேர்ந்து போனால் ஒரு தடமே அறுந்திருக்கும், தட்டிப் பிரயோஜனமில்லை. டீ கொட்டிவிட்டால் உடனே இணைப்பைப் பிடுங்கிக் கவிழ்த்து வையுங்கள். தண்ணீர் காய்ந்துவிடும், சர்க்கரைதான் பசையாகி நிற்கும். லேப்டாப் என்றால் உடனே அணைத்துவிட்டு, திரும்பப் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோவதே நல்லது.

அமைப்பு மாறியிருந்தால் அறிகுறிகள் வேறு மாதிரி இருக்கும். வலது பக்கத்து ஷிப்டை எட்டு விநாடி அழுத்திப் பிடித்தால், வேகமாகத் தட்டும் விசைகளைக் கணினி கண்டுகொள்ளாமல் விடும் ஓர் ஏற்பாடு விழித்துக்கொள்ளும். கை நடுங்குபவர்களுக்காகச் செய்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் பேரன் கீபோர்டில் சாய்ந்து தூங்கிவிட்ட வீட்டில், மறுநாள் தாத்தா புதுக் கீபோர்டு வாங்கக் கிளம்பிவிட்டார்! ஷிப்டோடு இரண்டை அழுத்தினால் மின்னஞ்சலுக்கு வேண்டிய 'அட்' குறிக்குப் பதில் மேற்கோள் குறி வருகிறதா? பலகை பிரிட்டிஷ் முறைக்கு மாறியிருக்கிறது. சில சிறிய லேப்டாப்களில் யூ, ஐ, ஓ அடித்தால் 4, 5, 6 வருகிறதா? நம் லாக் விழுந்திருக்கிறது. கடவுச்சொல் சரியாக அடித்தும் ஏற்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் எந்த மொழிக்காரருக்கும் வரும். தமிழ் அடிக்கிறவர்களுக்கென்று தனித் தலைவலி ஒன்று உண்டு: ஒரே மொழிக்குப் பல பலகைகள். டைப்ரைட்டிங் படித்தவனுக்கு இடது கை 'யளனகப' என்றுதான் ஓடும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த தமிழ் 99 பலகையில் உயிரெழுத்துகள் இடது கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கும். மூன்றாவது இன்ஸ்கிரிப்ட். 1991-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட இஸ்கி தரத்தில் இடம்பெற்ற இதில், எல்லா இந்திய மொழிக்கும் ஒரே ஒலி ஒரே விசையில். விண்டோஸில் வெறுமனே 'தமிழ்' என்று இருப்பது இன்ஸ்கிரிப்ட்தான். அது தெரியாமல் பழைய டைப்பிஸ்ட் அதைச் சேர்த்துவிட்டு, "எல்லா எழுத்தும் இடம் மாறிடுச்சு" என்று வருவார். தமிழ் 99 அதே பட்டியலில் தனியாக இருக்கிறது. விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் பலகைகள் ஒவ்வொன்றாக மாறும்.

இன்ஸ்கிரிப்டைப் பற்றி நம் மாதிரி வெளிமாநிலக் குடும்பங்களுக்கு ஒரு விசேஷம் சொல்ல வேண்டும். பள்ளியில் இந்தியோ மராத்தியோ இன்ஸ்கிரிப்டில் அடிக்கப் பழகிய பிள்ளைக்குத் தமிழ் பாதி தெரிந்த மாதிரி. அங்கே 'க' எந்த விசையோ இங்கேயும் அதே. ஆனால் ஒய், ஐ, ஓ விசைகளைத் தட்டினால் ஒன்றுமே வராது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு பெண்குழந்தை, "அங்கிள், மூணு கீ டெட்" என்றாள். 'பஸ்'ஸின் முதல் ஒலிக்கும், இந்திக்காரர் சொல்லும் 'கங்கா'வின் முதல் ஒலிக்கும், 'தோசை'யின் முதல் ஒலிக்கும் இந்தியில் தனி எழுத்து உண்டு, தமிழில் கிடையாது. ஆகவே அந்த இடங்கள் காலி. எழுத்து இல்லாத விசையைக் கெட்ட விசை என்று நினைத்துவிட்டாள் குழந்தை. தமிழ் எழுத்து முறையை விளக்க இதைவிட நல்ல பாடம் எனக்கு அகப்படவில்லை.

தமிழ் 99-ல் வேறொரு சந்தேகம் வரும். அதில் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்தில் தானாகப் புள்ளி விழும்; 'அம்மா', 'பக்கம்' எல்லாம் வேகமாக வரும். ஆனால் 'பப்பாளி' அடிக்கப்போனால் முதல் எழுத்திலேயே புள்ளி விழுந்து நிற்கும். முதல் 'ப'வுக்குப் பிறகு 'அ' விசையை ஒருமுறை தட்டிவிட்டு மேலே போக வேண்டும்.

டைப்ரைட்டரில் பழகியவர்கள் 'கொ' எழுத முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் போடுவோம். இன்ஸ்கிரிப்டில் அப்படிச் செய்தால் கொம்பு ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். யூனிகோடில் மெய்தான் முதலில், உயிர்க்குறி அதன் பின்னால். கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது கணினியின் வேலை. புள்ளி வட்டம் தெரிந்தால் ஃபாண்ட் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். குறி ஒன்று மெய்யில்லாமல் தனியே நிற்கிறது என்று அர்த்தம்.

கண்ணுக்குத் தெரியாத தப்புதான் மோசம். நம் பொதுக்குழுக் கூட்டத்தில் ஓர் அம்மையார் பெயர் கௌரி. கணினிப் பட்டியலில் தேடினால் இல்லை. சந்தா கட்டிய ரசீது அவர் கையில் இருக்கிறது. "25 வருஷமா மெம்பர், என் பேரே இல்லைன்னா எப்படி?" என்று அவர் கேட்டது நியாயம்தானே. பட்டியலை வரிவரியாகப் பார்த்தபோது அவர் இருந்தார், 'கெளரி'யாக. டைப்ரைட்டரில் ஔகாரத்தின் பின்பாதிக்கு 'ள'வைத்தான் தட்டுவோம். அதே பழக்கத்தில் கணினியிலும் அடித்திருக்கிறோம். பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், கணினிக்கு இரண்டும் வெவ்வேறு பெயர். (அடித்தவன் அடியேன்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) மொத்தமாக மாற்றவும் முடியாது, 'வெளி', 'தெளிவு' எல்லாம் பாழாகிவிடும். சௌந்தரராஜன், மௌலி என்று ஒவ்வொருவராகத் தேடித் திருத்தினேன்.

பழைய கோப்புகள் விஷயம் இன்னும் பெரிது. யூனிகோடில் 1991 முதலே தமிழ் இருந்தாலும், தமிழ்நாடு அரசு அதைத் தரமாக அறிவித்தது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது. அதற்கு முன் டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஆளுக்கொரு முறை. பாமினி வகையில் ஆங்கில எழுத்தின் மேலேயே தமிழ் வடிவத்தை ஒட்டியிருப்பார்கள். அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தெரியும்.

கட்கியில் எங்கள் பக்கத்துத் தெருப் பெண்மணி ஒருவர் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சிடியோடு வந்தார். அவருடைய அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2001-ல் கணினி வாங்கி, கையெழுத்து போட நடுங்கும் விரலால் தினமும் ஏதோ அடித்துக்கொண்டிருந்தாராம். காலமாகிப் பல வருஷமாயிற்று. திறந்தால் பக்கம் பக்கமாகப் புரியாத ஆங்கில எழுத்து. "அப்பா கடைசியில கண்டபடி தட்டியிருக்கார்னு அண்ணன் அழிச்சிடச் சொன்னான். நடுவுல ஒரு இடத்துல என் பேரு மட்டும் இங்கிலீஷ்ல தெரியுது சார். அதனால மனசு வரலை" என்றார்.

பார்த்த மாத்திரத்தில் ஜே, கே, பி, ஓ கண்ணில் பட்டது. பழைய முறைகளிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. முழுவதையும் கொட்டாமல் முதலில் ஒரே ஒரு வரியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். முறையைத் தவறாகத் தேர்ந்தால் ஒரு குப்பை இன்னொரு குப்பையாகும். மூலக் கோப்பைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளாமல் தொடவே கூடாது. அந்த ஒரு வரி சரியாக வந்ததும் மீதியை மாற்றினேன். ஊரை விட்டு ரயிலேறியதிலிருந்து, குவார்ட்டர்ஸ் கிடைத்தது, பெண்ணைக் கல்லூரியில் சேர்த்தது வரை 31 பக்கம்.

இந்த மாற்றத்தில் ஒரு சிக்கல் உண்டு. பாமினியில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே எண்கள் என்பதால், நடுவே ஆங்கிலத்தில் அடித்த சொற்களும் தமிழாக மாறிப் பொருளற்றுப் போகும். தொழிற்சாலைப் பிரிவுகளின் பெயர்கள் அப்படித்தான் ஆயின. மூலக் கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருத்தினோம். இத்தனை நாள் அவருக்குப் படிக்க முடிந்த அந்த ஒரே பெயரும் இப்போது புரியாத எழுத்தாகியிருந்தது. அந்த இடத்தில் அவரே உட்கார்ந்து தன் பெயரைத் தமிழில் அடித்தார்.